நின்றுபோன வைத்தியமும் தோட்ட மக்களும்



நம் தோட்டங்களின் வரலாற்றைப் பேசும்போது நாம் கப்பலேறி வந்த கதையைப் பேசுகிறோம். கங்காணியைப் பற்றிப் பேசுகிறோம். துரைமார்களைப் பற்றியும் பேசுகிறோம். ஆனால் எண்ணெய்த் தகரத்தைச் சுமந்துகொண்டு, வாரம் தவறாமல் கால்வாய் கால்வாயாக நடந்த மனிதரைப் பற்றி நாம் அதிகம் பேசுவதில்லை. அவர் பால் வெட்டவில்லை, மங்கு கழுவவில்லை. தேங்கி நிற்கும் தண்ணீரின்மேல் எண்ணெய் தெளித்துக்கொண்டு போனார். பார்ப்பவர்களுக்கு அது ஒரு சாதாரண வேலை. ஆனால் நம் பாட்டன் பாட்டிமார் காய்ச்சலுக்குத் தப்பிப் பிழைத்ததற்கு அந்தச் சாதாரண வேலையும் ஒரு காரணம். அந்த வேலை நின்றபோது என்ன நேர்ந்தது என்பதும் நம் வரலாற்றிலேயே இருக்கிறது.

பெரிய நோயோ பெரிய போரோ வந்து, வழக்கமாக நடந்துவந்த வைத்தியம் நின்றுபோனால் மக்களுக்கு என்ன ஆகிறது? நின்றுபோனதை மீண்டும் எப்படித் தொடங்குவது? இந்த இரண்டு கேள்விகளைத்தான் இன்றைய உரையில் நாம் எடுத்துக்கொள்கிறோம். கோவிட் காலத்தில் கிளினிக் தேதியைத் தவறவிட்டு, இன்றுவரை திரும்பிப் போகாதவர்கள் நம் குடும்பங்களில் உண்டு. அவர்களை மனத்தில் வைத்துக்கொண்டு சற்றுப் பழைய காலத்துக்குப் போய் வருவோம்.

வாரம் தவறாத வேலை

1901ஆம் ஆண்டில் மால்கம் வாட்சன் என்னும் இளம் டாக்டர் கிள்ளான் மாவட்டத்துக்கு அரசாங்க வைத்தியராக வந்து சேர்ந்தார். இன்று கிள்ளான் துறைமுகம் என்று நாம் அழைக்கும் போர்ட் சுவெட்டன்ஹம் திறக்கப்பட்டதும் அதே ஆண்டில்தான். துறைமுகம் திறந்த சில வாரங்களுக்குள் அங்கே வேலைக்கு வந்தவர்கள் குளிர்காய்ச்சலில் படுத்தார்கள். கிள்ளான் பட்டணத்திலும் அதே கதிதான்.

குளிர்காய்ச்சல் என்று நம் மக்கள் சொன்னது மலேரியாவை. அது கெட்ட காற்றினால் வருகிறது என்றுதான் உலகம் நெடுங்காலம் நம்பிக்கொண்டிருந்தது. 1897இல் ரோனல்ட் ராஸ் என்பவர் இந்தியாவில், செகந்திராபாத்தில் ஆராய்ச்சி செய்து, மலேரியாக் கிருமி கொசுவின் வயிற்றில் வளர்வதைக் கண்டுபிடித்தார். அந்தச் செய்தி வந்து நான்கே ஆண்டுகள்தான் ஆகியிருந்தன. வாட்சன் அதை நம்பினார். காடு வெட்டி, சதுப்பு நிலத்தை வடித்து, கால்வாய் தோண்ட ஏற்பாடு செய்தார். 1901இல் கிள்ளானிலும் போர்ட் சுவெட்டன்ஹத்திலும் 582 பேர் இறந்திருந்தார்கள். 1903இல் அந்தத் தொகை 115 ஆகக் குறைந்தது.

ஆனால் கடலோரத்தில் பலித்த வழி மலைப்பாங்கான தோட்டங்களில் பலிக்கவில்லை. அங்கே காட்டை வெட்டிய பிறகுதான் காய்ச்சல் கூடியது! காரணம் என்ன? கடலோரச் சதுப்பில் இருந்த கொசு நிழலில் முட்டையிடும் இனம். காட்டை வெட்டியதும் அது ஒழிந்தது. மலைப்பக்கத்துக் கொசுவோ வெயில்படும் தெளிந்த ஓடைநீரில் முட்டையிடும் இனம். ரப்பர் நடுவதற்காகக் காட்டை அழித்தபோது, அதற்கு வேண்டிய வெயிலையும் ஓடையையும் நாமே திறந்து கொடுத்ததாக ஆயிற்று. ஆகவே மலைத்தோட்டங்களில் ஓடைநீரை மண்ணுக்கடியில் குழாய் பதித்து விட வேண்டியதாயிற்று. முடியாத இடங்களில் தண்ணீரின்மேல் எண்ணெய் தெளிக்க வேண்டியதாயிற்று.

எண்ணெய் ஏன்? கொசுப்புழு தண்ணீருக்குள் இருந்தாலும் மேலே வந்துதான் மூச்சுவிட வேண்டும். எண்ணெய்ப் படலம் அந்த மூச்சை அடைத்துவிடும். வாரந்தோறும் ஏன்? நம் நாட்டு வெப்பத்தில், முட்டையிலிருந்து சிறகு முளைத்த கொசுவாக மாறப் பத்து நாள் அளவே ஆகும். வாரத்துக்கு ஒருமுறை எண்ணெய் விழுந்தால் எந்தப் புழுவும் கொசுவாக ஆக முடியாது. இரண்டு வாரம் தவறினால் ஒரு தலைமுறைக் கொசு பறந்துவிடும். இந்த வேலையின் பலமெல்லாம் அது தவறாமல் நடப்பதில் இருந்தது.

அந்த நாட்களில் தோட்டத்து மரணம் எவ்வளவு பயங்கரமாக இருந்தது என்பதற்கு ஒரே ஒரு கணக்கு போதும். 1911ஆம் ஆண்டில் பேராக், சிலாங்கூர், நெகிரி செம்பிலான், பகாங் ஆகிய நான்கு மாநிலங்களின் தோட்டங்களில், ஆயிரம் இந்தியத் தொழிலாளருக்கு 60 பேருக்கும் மேல் ஒரே ஆண்டில் இறந்தார்கள். இவர்கள் கிழவர்கள் அல்லர். உழைத்துச் சம்பாதிக்க ஊரைவிட்டு வந்த வாலிபர்கள், இளம் பெண்கள். இந்த நிலைமை வெளியே தெரிந்து, 1912லும் பிறகு 1923லும் தொழிலாளர் சட்டங்கள் வந்தன. தோட்டங்கள் ஆஸ்பத்திரி வசதி செய்து தர வேண்டும் என்ற கட்டாயம் ஏற்பட்டது. டிரெசர் வந்தார், பெரட்டுக் களத்தில் கொய்னா மருந்து கொடுக்கப்பட்டது, கைப்பிள்ளைகளுக்கு ஆயாக் கொட்டகை வந்தது. மரணம் படிப்படியாகக் குறைந்தது.

இதில் அதிசய மருந்து என்று எதுவும் இல்லை என்பதை நாம் கவனிக்க வேண்டும். வாரத்துக்கு வாரம் எண்ணெய், நாளுக்கு நாள் கொய்னா, காலையில் டிரெசரின் லயச் சுற்று: அன்றாடம் நடக்கும் இந்தச் சின்னச் சின்ன வேலைகளால்தான் நம் மக்கள் உயிர் தரித்தார்கள்.

1918இல் வந்த சளிக்காய்ச்சல்

முதல் உலகப் போர் முடியும் தறுவாயில், 1918ஆம் ஆண்டின் பிற்பகுதியில், உலகம் முழுவதையும் ஆட்டிவைத்த சளிக்காய்ச்சல் மலாயாவுக்கும் வந்தது. அதற்கு மருந்தும் இல்லை, தடுப்பூசியும் இல்லை. குழந்தைகளையும் வயோதிகரையும் தாக்குவது காய்ச்சலின் வழக்கம். இந்தக் காய்ச்சலோ இருபதிலும் முப்பதிலும் இருந்த திடகாத்திரமானவர்களைத் தேடித் தேடிக் கொண்டுபோயிற்று. தோட்டங்கள் அப்படிப்பட்ட இளவயதினரால்தான் நிறைந்திருந்தன. ஒரே அறையில் பலர் படுத்து எழும் லயங்களில் நோய் ஒரு வாசலிலிருந்து மறு வாசலுக்குத் தாவ எவ்வளவு நேரமாகும்? சில ஆண்டுகளாகக் குறைந்துவந்த தோட்டத்து மரணம் அந்த ஓர் ஆண்டில் மறுபடியும் சட்டென்று உயர்ந்தது.

அது சுழல்காற்றைப் போல் வந்தது. சில மாதங்களில் கடந்து போயிற்று. ஆனால் அதற்குப் பின் வந்த 1919இல் மலாயாவில் கடுமையான அரிசிப் பஞ்சம். பர்மாவிலிருந்தும் சயாமிலிருந்தும் வரவேண்டிய அரிசி போதுமான அளவு வரவில்லை. நோயிலிருந்து எழுந்தவர்கள் அரைவயிற்றுக் கஞ்சியோடு வேலைக்குப் போனார்கள். சளிக்காய்ச்சல் போய்விட்டது, ஆனால் கொசு எங்கும் போகவில்லை. காய்ச்சல் போன கையோடு கால்வாய் வெட்டும் வேலையும் எண்ணெய் அடிக்கும் வேலையும் தொடர்ந்து நடக்க வேண்டியிருந்தது. பெரிய நோய் ஒன்று வந்ததற்காகப் பழைய நோய்கள் வழிவிட்டு ஒதுங்கி நிற்பதில்லை. 1918 நமக்குக் காட்டிய பாடம் இதுதான்.

எண்ணெய் நின்ற நாட்கள்

இந்தப் பாடத்தை இன்னும் கொடுமையாகப் படித்தது போர்க்காலத்தில். 1941 டிசம்பரில் ஜப்பானியப் படை கோத்தா பாருவில் இறங்கியது. 1942 பிப்ரவரி 15இல் சிங்கப்பூர் வீழ்ந்தது. ரப்பருக்குச் சந்தை இல்லை. தோட்டங்களை நடத்த ஆள் இல்லை. அரிசிக்குப் பதில் மரவள்ளிக்கிழங்கே சாப்பாடு ஆயிற்று.

சயாம் மரண ரயிலைப் பற்றி நம் வீடுகளில் இன்னும் பேசுகிறார்கள். 415 கிலோமீட்டர் நீளமுள்ள அந்தப் பாதைக்கு நம் தோட்டங்களிலிருந்து கொண்டுபோகப்பட்டவர்களில் பல்லாயிரம் பேர் திரும்பவில்லை. காலராவும் மலேரியாவும் பசியும் அவர்களை அங்கேயே மண்ணாக்கின. அந்தச் சோகம் தனிக்கதை; அதை மறக்கக் கூடாது. ஆனால் ரயிலுக்குப் போகாமல் தோட்டத்திலேயே தங்கியவர்களுக்கு என்ன ஆயிற்று என்பதை நாம் அவ்வளவாகப் பேசுவதில்லை.

கால்வாய்கள் தூர்ந்தன. எண்ணெய் கிடைக்கவில்லை. எண்ணெய் தெளிக்க ஆளும் இல்லை. கொய்னாவோ ஜாவாத் தீவின் சிங்கோனா மரப்பட்டையிலிருந்து வரும் பொருள். உலகத்துக்கு வேண்டிய கொய்னாவில் பெரும்பகுதி அங்கிருந்துதான் வந்தது. அந்தத் தீவும் ஜப்பானியர் கைக்குப் போய்விட்டதால், மருந்து முதலில் படைக்குப் போயிற்று, பாட்டாளிக்கு எட்டவில்லை. நாற்பது ஆண்டுகளாகப் பாடுபட்டு அடக்கிவைத்திருந்த குளிர்காய்ச்சல் மூன்றரை ஆண்டுகளில் திரும்பிவந்து லயங்களில் குடியேறியது. ஆறாத புண்ணும், சத்துக்குறைவால் வரும் பெரிபெரி வீக்கமும் அதனுடன் கூட வந்தன.

துப்பாக்கியால் இறந்தவர்களைப் போர்க்கணக்கில் சேர்க்கிறார்கள். எண்ணெய் நின்றதால் இறந்தவர்களை எந்தக் கணக்கில் சேர்ப்பது? நோய் புதியதல்ல. அதைத் தடுக்கும் வழியும் தெரிந்ததுதான். தெரிந்த வழி நின்றுபோனதுதான் அவர்களைக் கொன்றது.

1945இல் போர் முடிந்தது. மறுபடியும் கால்வாய் தோண்டினார்கள். மறுபடியும் எண்ணெய்த் தகரம் வெளியே வந்தது. டி.டி.டி. மருந்தும் பாலுட்ரின் மாத்திரையும் புதிதாக வந்து சேர்ந்தன. ‘இத்தனை நாள் நின்றுபோயிற்றே, இனி என்ன பயன்’ என்று யாரும் உட்கார்ந்துவிடவில்லை. விட்ட இடத்திலிருந்து தொடங்கினார்கள். மரணம் மீண்டும் இறங்கியது.

சுதந்திரத்துக்குப் பின்

1957இல் நாடு சுதந்திரம் அடைந்தது. கிராமங்களில் சுகாதார நிலையங்களும் மருத்துவச்சிகளுக்கான கிளினிக்குகளும் எழும்பின. 1961இல் காசநோயை எதிர்க்கும் தேசியத் திட்டம் தொடங்கியது. பச்சிளங் குழந்தைக்குப் போடும் பி.சி.ஜி. ஊசியின் தழும்பு நம்மில் பலர் தோளில் இருக்கிறதே, அது அந்தத் திட்டத்தின் அடையாளம். 1967இல் மலேரியா ஒழிப்புத் திட்டம் வந்தது. 1972இல் போலியோச் சொட்டு மருந்தும், 1982இல் தட்டம்மை ஊசியும், 1989இல் கல்லீரல் அழற்சியைத் தடுக்கும் ஊசியும் குழந்தைகளின் அட்டவணையில் சேர்ந்தன.

ஆனால் தோட்டம் தனியார் நிலம். கிராமத்துக்கு அரசாங்கம் நேரே கொண்டுபோன வசதிகள் பல தோட்டத்து வாயிலில் நின்றுவிட்டன. உள்ளே இருந்தவர்களின் சுகாதாரம் நிர்வாகத்தின் பொறுப்பாகவே நெடுநாள் இருந்தது. பிறகு தோட்டங்கள் துண்டாடப்பட்டன. ரப்பர் போய்ச் செம்பனை வந்தது. பல தோட்டங்கள் வீடமைப்புப் பகுதிகளாக மாறின. தோட்டத்து ஆஸ்பத்திரிகள் ஒவ்வொன்றாக மூடப்பட்டன. தொழிலாளரின் வீடு, குழந்தைப் பராமரிப்பு, மருத்துவ வசதி ஆகியவற்றுக்கு 1990இல் தனிச் சட்டம் வந்தது. ஆனாலும் டிரெசர் வாசலுக்கு வந்து, ‘யாருக்குக் காய்ச்சல்?’ என்று கேட்ட காலம் முடிந்துவிட்டது. முன்பு வைத்தியம் நம்மைத் தேடி வந்தது. இப்போது நாம் பஸ் ஏறி அதைத் தேடிப் போக வேண்டியிருக்கிறது.

நோய்களும் மாறின. மலேசியாவில் 2018 முதல் மனிதரிடமிருந்து மனிதருக்குப் பரவும் உள்நாட்டு மலேரியா இல்லை என்ற நிலை ஏற்பட்டது. குரங்கிலிருந்து கொசு வழியாக வரும் மலேரியாதான் காட்டையொட்டிய இடங்களில் மிச்சமிருக்கிறது. அந்தப் பழைய எதிரி போன இடத்தில் புதிய எதிரிகள் வந்து உட்கார்ந்துகொண்டன: இனிப்புநீர், இரத்த அழுத்தம், இருதய நோய், சிறுநீரகக் கோளாறு. இவை குளிர்காய்ச்சலைப் போல் நடுக்கிக் கீழே தள்ளுவதில்லை. சத்தமில்லாமல் வேலை செய்கின்றன. ஆகவே இவற்றைக் கண்டுபிடிக்கவும் அடக்கவும் ஒரே வழி, தேதி தவறாத பரிசோதனை. அன்று வாரத்துக்கு ஒருமுறை எண்ணெய். இன்று மூன்று மாதத்துக்கு ஒருமுறை இரத்தப் பரிசோதனை.

2020: மீண்டும் நின்ற வைத்தியம்

2020 ஜனவரி 25இல் நம் நாட்டில் கோவிட்-19 நோயாளிகள் முதன்முதலாகக் கண்டறியப்பட்டார்கள். மார்ச் 18இல் நடமாட்டக் கட்டுப்பாட்டு ஆணை அமலுக்கு வந்தது. ஆஸ்பத்திரிகள் கோவிட் நோயாளிகளால் நிரம்பின. அவசரமில்லாத அறுவைச் சிகிச்சைகள் தள்ளிவைக்கப்பட்டன. நாட்பட்ட நோய்க்காரர்களுக்குக் கிளினிக் தேதி மாற்றப்பட்டது. சிலருக்கு மருந்து தபாலில் வந்தது. பள்ளிக்கூடங்கள் மூடியதால், பள்ளிக்கு வந்து ஊசி போடும், பல் பார்க்கும் குழுக்களின் வேலை தடைப்பட்டது. அந்த நேரத்தில் அப்படிச் செய்ய வேண்டித்தான் இருந்தது. யாரையும் நாம் குறைசொல்ல முடியாது. நம் நாட்டில் 37,000க்கும் மேற்பட்டோர் அந்த நோய்க்குப் பலியானார்கள்.

2022 ஏப்ரல் முதல் தேதியில் நாடு கட்டுப்பாடுகளைத் தளர்த்தி அடுத்த கட்டத்துக்கு நகர்ந்தது. 2023 மே 5இல், உலக அளவிலான அவசரநிலை முடிந்தது என்று உலகச் சுகாதார நிறுவனம் அறிவித்தது. கடைகள் திறந்தன, கோயில் திருவிழாக்கள் நடந்தன, கல்யாணங்கள் நடந்தன. ஆனால் நம்மில் பலருடைய கிளினிக் தேதி மட்டும் திரும்பி வரவில்லை.

எந்த வீட்டிலும் கேட்கக்கூடிய பேச்சு ஒன்றைச் சொல்கிறோம்.

“அம்மா, கிளினிக்குக்குப் போய் எவ்வளவு நாளாச்சு?”

“அப்போ வர வேணாம்னு சொன்னாங்க. அப்புறம் நான் போகல. இப்போ போனா மிஸ்ஸி ஏசுவாங்கம்மா.”

“மருந்து?”

“பக்கத்து வீட்டு அக்காவுக்கும் இனிப்புநீர்தானே. அவுங்ககிட்ட கொஞ்சம் வாங்கிப் போட்டுக்கிட்டேன். இப்போ உடம்பு நல்லாத்தான் இருக்கு.”

இந்த நான்கு வரிப் பேச்சில் எல்லாம் அடங்கியிருக்கிறது. வெட்கம் இருக்கிறது, பயம் இருக்கிறது, ஒருநாள் போனால் ஒருநாள் சம்பளம் போகுமே என்ற, வாய்விட்டுச் சொல்லாத கவலையும் இருக்கிறது. எல்லாவற்றுக்கும் மேலாக, ‘உடம்பு நல்லாத்தான் இருக்கு’ என்ற நம்பிக்கை இருக்கிறது. அந்த நம்பிக்கைதான் ஆபத்தானது.

‘நல்லாத்தான் இருக்கு’ என்பதன் பொருள்

இரத்தத்தில் சர்க்கரை கூடினால் முதலில் வலி எதுவும் தெரியாது. ஆனால் அது நுண்ணிய இரத்தக் குழாய்களைப் பழுதாக்கிக்கொண்டே இருக்கும். கண்ணின் பின்திரை, சிறுநீரகம், கால் நரம்பு ஆகிய மூன்று இடங்களில் அந்தச் சேதம் முக்கியமாகத் தெரியவரும். பார்வை மங்கிய பிறகு, கால் புண் ஆறாமல் போன பிறகு, முகம் வீங்கிய பிறகு நாம் ஓடினால், பாதி வழி கடந்துவிட்டிருக்கும். நம் நாட்டில் புதிதாக டயாலிசிஸ் தொடங்குவோரில் பாதிக்கும் மேற்பட்டவர்களுக்கு மூலகாரணம் இனிப்புநீர்தான்.

2023இல் நடந்த தேசியச் சுகாதார ஆய்வு சொல்லும் கணக்கைக் கேளுங்கள். வயது வந்த மலேசியர்களில் ஆறில் ஒருவருக்கு இனிப்புநீர் இருக்கிறது. அவர்களிலும் ஐவரில் இருவருக்குத் தமக்கு அது இருப்பதே தெரியாது. இந்தியச் சமூகத்தில் இந்த நோய் மற்றவர்களைவிடக் கூடுதல் என்பது ஆய்வுக்கு ஆய்வு தெரிந்துவரும் உண்மை. ஆகவே ‘உடம்பு நல்லாத்தான் இருக்கு’ என்பது நாம் நமக்கே கொடுத்துக்கொள்ளும் சான்றிதழ். கிளினிக்கில் எடுக்கும் ஓர் இரத்தப் பரிசோதனை, கடந்த இரண்டு மூன்று மாதமாகச் சர்க்கரை எந்த அளவில் இருந்தது என்பதைக் காட்டிவிடும். முதல்நாள் பட்டினி கிடந்து அதை ஏமாற்ற முடியாது!

பக்கத்து வீட்டு அக்காவின் மாத்திரையும் நமக்கு ஆகாது. அவர் சிறுநீரகம் வேறு, நம் சிறுநீரகம் வேறு. ஒருவருக்கு மருந்தாக இருப்பது மற்றவருக்குச் சர்க்கரையைத் தடாலென்று இறக்கி மயக்கத்தில் தள்ளக்கூடும்.

காசநோய் விஷயமும் இப்படித்தான். 2019இல் உலகம் முழுவதும் புதிதாக 71 லட்சம் பேருக்குக் காசநோய் கண்டுபிடிக்கப்பட்டது. 2020இல் அது 58 லட்சமாகக் குறைந்தது. நோய் குறைந்ததா? இல்லை, பரிசோதனைக்கு வந்தவர்கள்தான் குறைந்தார்கள். கண்டுபிடிக்கப்படாதவர்கள் வீட்டிலே இருமிக்கொண்டிருந்தார்கள், மரணம் கூடியது. பிறகு மக்கள் திரும்பி வந்தார்கள். 2022இல் 75 லட்சம் பேருக்கு நோய் கண்டுபிடிக்கப்பட்டு, அவர்களைச் சிகிச்சைக்குக் கொண்டுவர வழி பிறந்தது. நின்றுபோனதை மறுபடி தொடங்கினால் பலன் உண்டு என்பதற்கு இது நம் காலத்துச் சாட்சி.

குழந்தைகளின் ஊசியையும் சொல்ல வேண்டும். 2019 டிசம்பரில், சபாவின் துவாரான் வட்டாரத்தில் ஒரு கைக்குழந்தைக்குப் போலியோ கண்டது. 27 ஆண்டுகளாக நம் நாட்டில் இல்லாத நோய் அது! கோவிட் பரவிய காலத்திலேயே அங்கே போலியோ மருந்து கொடுக்கும் வேலையும் நடந்தது. 2021 செப்டம்பரில்தான் அந்தப் பரவல் முடிவுக்கு வந்தது. வேலியில் சில கம்புகள் விழுந்தாலே போதும், மாடு உள்ளே வந்துவிடும். ஊசி போடாத சில குழந்தைகள் இருந்தாலே போதும், போன நோய் திரும்பிவிடும்.

விட்ட இடத்திலிருந்து

சரி, இப்போது நாம் என்ன செய்வது? முதலாவதாக, வெட்கத்தை விட்டுவிடுவோம். கோவிட் காலத்தில் தேதி தவறியது நம் குற்றமல்ல. இத்தனை நாள் வரவில்லையே என்று யாராவது இரண்டு வார்த்தை ஏசினால், கேட்டுக்கொண்டு உள்ளே போவோம். டயாலிசிஸ் இயந்திரத்தின் பக்கத்தில் வாரம் மூன்று நாள் படுப்பதைவிட அந்த ஏச்சு பெரிதல்ல.

இரண்டாவதாக, கையில் இருக்கும் பழைய கிளினிக் புத்தகத்தைத் தேடி எடுப்போம். மருந்து உறைகள், மீதி மாத்திரைகள், பக்கத்து வீட்டில் வாங்கியது, கடையில் வாங்கிய மூலிகைத் தூள் எல்லாவற்றையும் ஒரு பையில் போட்டுக் கொண்டுபோய் உள்ளதை உள்ளபடி சொல்வோம். பழைய மருந்தை நாமாகப் பழைய அளவில் தொடங்கிவிடக் கூடாது. உடம்பு மாறியிருக்கும், டாக்டர்தான் அளவைச் சொல்ல வேண்டும்.

மூன்றாவதாக, கேட்க வேண்டியதைக் கேட்போம். இனிப்புநீர் உள்ளவர்கள் இரத்தம், சிறுநீர் பரிசோதனையோடு கண்ணும் காலும் பார்க்கப்பட்டு எவ்வளவு நாளாயிற்று என்று கேட்கலாம். பெண்கள் கருப்பை வாய்ப் புற்றுநோய்ப் பரிசோதனைக்கு எப்போது வரலாம் என்று கேட்கலாம். வெட்கப்படும் பெண்கள் தாமே மாதிரியை எடுத்துக் கொடுக்கும் முறையும் சில இடங்களில் வந்திருக்கிறது. 2010 முதல் 13 வயதுப் பெண்பிள்ளைகளுக்குப் பள்ளியில் போடப்பட்டுவரும் ஊசி, பள்ளி மூடியிருந்த காலத்தில் தம் மகளுக்குத் தவறியதா என்று பெற்றோர் விசாரிக்கலாம். குழந்தைக்கு ஊசி தவறியிருந்தால் பயப்பட வேண்டியதில்லை. பெரும்பாலான ஊசிகளை முதலிலிருந்து தொடங்க வேண்டிய அவசியம் இல்லை. விட்ட இடத்திலிருந்தே தொடரலாம்.

நான்காவதாக, செலவையும் சம்பளத்தையும் பற்றி யோசிப்போம். அரசாங்கச் சுகாதாரக் கிளினிக்கில் குடிமக்களுக்குப் பதிவுக் கட்டணம் ஒரு வெள்ளிதான். 2019இல் தொடங்கிய பெக்கா பி40 திட்டத்தின்கீழ், அரசாங்க உதவித்தொகை பெறும் குடும்பங்களில் 40 வயதானவர்களுக்கு இலவச உடற்பரிசோதனை உண்டு. சொக்சோவும் 40 வயதை எட்டிய தொழிலாளருக்காக 2013இல் அப்படி ஒரு பரிசோதனைத் திட்டத்தைத் தொடங்கியது. கிளினிக் தேதி தெரிந்ததும் மண்டோரிடமோ கிராணியிடமோ முன்கூட்டியே சொல்லிவைக்கலாம். கணவன் மனைவி இருவருக்கும் ஒரே நாளில் தேதி கேட்கலாம். நாலு குடும்பம் சேர்ந்தால் ஒரு வண்டி. தோட்டத்தில் திருவிழாவுக்கு வண்டி கட்டத் தெரிந்த நமக்கு இது முடியாத காரியமா?

ஐந்தாவதாக, பிள்ளைகளுக்கு ஒரு வார்த்தை. கைத்தொலைபேசியில் தேதி பதிவதும், நினைவூட்டல் வைப்பதும் உங்களுக்குச் சின்ன வேலை. எழுதப் படிக்கச் சிரமப்படும் உங்கள் தாய் தகப்பனுக்கு அது மலை. ‘ஏன் போகவில்லை’ என்று கோபிக்காமல், ‘நான் கூட வருகிறேன்’ என்று சொல்லுங்கள். அந்த ஒரு சொல்லுக்குத்தான் பல அம்மாக்களும் அப்பாக்களும் காத்திருக்கிறார்கள்.

அன்பர்களே! நம் மக்கள் இந்த நாட்டில் பட்ட துன்பத்தில் பெரும்பகுதி அவர்களுடைய கையில் இல்லை. சதுப்பு நிலமும் கொசுவும் போரும் அவர்கள் கேட்டு வந்தவை அல்ல. அன்று எண்ணெய்த் தகரம் நின்றபோது அதை மீண்டும் எடுத்துக் கொடுக்கும் அதிகாரம் லயத்துக்காரர் கையில் இல்லை. இன்று நின்றுபோயிருக்கும் கிளினிக் தேதியோ நம் கையில் இருக்கிறது. அலமாரிக்குள் மடித்து வைத்த அந்தப் புத்தகத்தை நாளைக் காலையில் எடுப்போம். அடுத்த தேதியை அதில் எழுதி வாங்கிக்கொண்டு வருவோம்.